மொட்டை மாடியிலிருந்து வானம்: கேள்விகளும் பதில்களும்

வானத்தையும், தெருவில் கண்ணில் படும் விநோதங்களையும் படம் எடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. "எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டவர்களை மட்டும் மொத்தமாக ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். கையில் இருக்கும் போனே முக்கால்வாசி வேலைக்குப் போதும். நான் திருச்சிக்காரி. இங்கே சொல்வதில் பெரும்பகுதி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்ததுதான்.

திருவாரூரிலிருந்து: அக்கா, சாயங்காலம் வானம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. போனில் எடுத்தால் வெளிறிப்போய் ஏதோ மஞ்சள் பூசினமாதிரி வருகிறது. என் போன் மட்டமா?

போன் மட்டமில்லை தம்பி. கீழே வீடுகளும் மரங்களும் இருட்டாக இருப்பதைப் பார்த்து, அவற்றைக் காட்டுவதற்காகப் படம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிடுகிறது. திரையில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், அதைக் கீழே இழுங்கள். வீடுகள் கறுத்துப்போனால் போகட்டும், சிவப்பு திரும்பி வரும். விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

நிறம் மாறுவதற்கு இன்னொரு காரணம் ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று போன் தீர்மானிக்கும் அமைப்பு. அது ஆட்டோவில் இருந்தால், "இவ்வளவு சிவப்பு இருக்காதே" என்று போன் தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். எல்லாவற்றையும் நாமே மாற்றக்கூடிய ப்ரோ மோடில் போய் வெயில் சின்னத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஒயிட் பேலன்ஸ் அளவை 5500 கெல்வின் பக்கம் வையுங்கள். அப்புறம், சூரியன் மறைந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள். உயரத்தில் இருக்கும் மேகங்களுக்கு அப்போதும் வெயில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். நல்ல நிறம் பெரும்பாலும் மறைந்து பத்து நிமிடம் கழித்துத்தான். நம் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருட்டும் சீக்கிரம் வந்துவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கச்சேரி முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் ஒரு தடவை முதுகுப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். கிழக்கே அடிவானத்தில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை, அதன்மேல் இளஞ்சிவப்பாக இன்னொன்று எழும்பும். அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். மொத்த ஊரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து: வானவில் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா மேடம்? நான் பார்க்கும்போதெல்லாம் போன் கையில் இருப்பதில்லை.

நிமிடக் கணக்காகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில், எந்த நேரத்துக்குள் என்று சொல்லிவிடலாம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் தலையின் நிழல் எங்கே விழுகிறதோ, அதுதான் வானவில் வட்டத்தின் மையம். வில் அதிலிருந்து 42 பாகை (டிகிரி) தள்ளி நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வில் முழுதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதனால்தான் நம் ஊரில் உச்சிவேளையில் வானவில் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னால், மாலை மூன்றரைக்குப் பின்னால் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள், மாதத்தைப் பொறுத்து முன்பின் நகரும். கோடைமழை பெரும்பாலும் சாயங்காலம்தான். மழை கிழக்கே நகர்ந்து மேற்கே வெயில் அடித்தால் உடனே மாடிக்கு ஓடலாம்.

முழு வில்லும் வேண்டுமென்றால் 0.5 என்று போட்டிருக்கும் அகல லென்ஸ் வேண்டும், ஏனென்றால் வில்லின் அகலம் எண்பது பாகையைத் தாண்டும். வெளியே இன்னொரு வில் மங்கலாகத் தெரிந்தால் அதையும் படத்துக்குள் விடுங்கள். அதில் நிறங்கள் தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வானம் சற்றுக் கறுத்துத் தெரிவதும் உண்மையான சங்கதிதான், லென்ஸ் கோளாறு இல்லை.

கேமராவில் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பில்டர்) மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வானவில்லின் ஒளி தளவாக்கம் அடைந்தது, அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது. வில்லின் ஒரு பக்கத்தை நோக்கி வைத்து பில்டரைத் திருப்பினால் ஒரு நிலையில் வண்ணம் தூக்கலாகும், கால் சுற்று திருப்பினால் அந்தப் பக்கம் காணாமலே போகும்! 1921-ல் சி.வி. ராமன் கப்பலில் போகும்போது இதே வித்தையைத்தான் கடலில் செய்தார். கையில் வைத்திருந்த நிக்கோல் பட்டகத்தால் (போலரைசர் மாதிரியே வேலை செய்யும் படிகம்) நீர்ப்பரப்பில் பிரதிபலித்த வானத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார், கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு இல்லை என்பதற்கு அது அவருக்கு ஆதாரமானது.

தர்மபுரியிலிருந்து: நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம். பாட்டி "கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்றார். படத்தில் வட்டமே விழவில்லை.

அகல் வட்டம் பகல் மழை என்று பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. ஆறேழு கிலோமீட்டருக்கு மேலே, சவ்வு மாதிரி மெல்லிய மேகத்தில் இருக்கும் பனிப்படிகங்கள்தான் அந்த வட்டத்தைப் போடுகின்றன. பல சமயம் அந்த மேகத்துக்குப் பின்னால் மழைமேகம் வருவதுண்டு, எப்போதுமே வரும் என்றில்லை. கையை நீட்டிச் சாண் விரித்து, கட்டைவிரலை நிலாவின்மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் வட்டத்தைத் தொட்டால் அது 22 பாகை வட்டம். நிலாவை ஒட்டிச் சின்னதாக, வண்ணத் தட்டு மாதிரி இருந்தால் அது வேறு, நீர்த்துளிகள் செய்வது.

படத்துக்கு அகல லென்ஸ், நைட் மோடு, போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைப்பது, இவ்வளவு போதும். நிலா வெள்ளைப் பொட்டாகிப் போகும், பரவாயில்லை, நமக்கு வேண்டியது வட்டம். பகலில் சூரியனைச் சுற்றி இதே வட்டம் வந்தால், சூரியனைத் தண்ணீர்த் தொட்டிக்கோ விளக்குக் கம்பத்துக்கோ பின்னால் ஒளித்துவிட்டு எடுங்கள். கண்ணுக்கும் நல்லது, வட்டமும் தெளிவாக விழும். உள்விளிம்பில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் பிரம்மாண்டமாக நிலா நிற்பதுபோல் படங்கள் வருகின்றன. நான் கோயில் வாசலிலிருந்து எடுத்தால் நிலா பட்டாணி அளவுதான். எல்லாம் ஒட்டுவேலையா அக்கா?

சில ஒட்டுவேலைதான். ஆனால் நேர்மையாகவும் எடுக்கலாம், அதற்குக் கோயிலை விட்டு விலகிப் போக வேண்டும். நிலா வானத்தில் அரை பாகைதான் இருக்கிறது. உச்சியில் இருந்தாலும் அடிவானத்தில் இருந்தாலும் அதே அளவுதான், எழும்போது பெரிதாகத் தெரிவது நம் மனசு செய்யும் வேலை. ஒரு பொருளின் உயரத்தைப்போல் சுமார் 114 மடங்கு தூரத்தில் நின்றால் அந்தப் பொருளும் அரை பாகையாகிவிடும். விமானம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர். அதை 114-ஆல் பெருக்கினால் ஏழரை கிலோமீட்டர். அங்கே நின்றால் விமானமும் நிலாவும் ஒரே உயரம்! விமானத்தில் கால்வாசி உயரத்துக்கு நிலா போதும் என்றால் இரண்டு கிலோமீட்டருக்குள் நிற்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து போனின் சாதாரண லென்ஸ் உதவாது, நல்ல ஜூம் லென்ஸ் வேண்டும். நடுவில் கட்டடமோ தென்னையோ மறைக்காத ஓர் இடமும் கிடைக்க வேண்டும். உண்மையில் கஷ்டமான வேலை அதுதான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் போங்கள். நிலா தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழும். முதல் நாளில் சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்துவிடும், அதனால் கோயில் கல்லிலும் வெளிச்சம் இருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் போனால் கறுப்பு விமானம், வெள்ளை ஓட்டை, அவ்வளவுதான். எந்த இடத்தில் நின்றால் எங்கே எழும் என்பதை ஸ்டெல்லேரியம், போட்டோபில்ஸ் மாதிரி செயலிகளில் முன்னாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒட்டினால் தப்பா என்றால், ஒட்டியதாகச் சொல்லிவிட்டால் தப்பில்லை. சொல்லாமல் விட்டால் எனக்குப் பிடிக்காது. சில போன்கள் நிலாவைக் கண்டுகொண்டதும் தாமாகவே விவரங்களை மெருகேற்றிவிடுகின்றன, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஒன்றாகத் தெரியும் என்கிறார்களே, அன்றைக்கு மட்டும்தானா?

எல்லாப் பௌர்ணமியிலும் நடப்பதுதான். இரண்டும் எதிரெதிரே இருந்தால்தானே பௌர்ணமி. குமரியின் விசேஷம் அடிவானம் திறந்து கிடப்பது. கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு மாதத்தில் போகலாம்.

கடலூரிலிருந்து: மின்னலை எப்படிப் பிடிப்பது?

முதலில் எங்கே நிற்பது என்பதைப் பேசுவோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். மொட்டை மாடி, கடற்கரை, வயல்வெளி எதுவும் வேண்டாம், வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகட்டும். ஜன்னல் வழியாக எடுப்பதாக இருந்தாலும் இரும்புக் கம்பியைத் தொட்டபடி நிற்காதீர்கள். நல்ல படங்கள் தூரத்து மின்னலில்தான் வரும். மேகம் முழுதாகத் தெரியும், நாமும் நனையாமல் இருப்போம்.

போனில் வீடியோ ஓடவிட்டு, அப்புறம் நிதானமாக ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்துக்கொள்வது சுலபம். கேமரா என்றால் முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எப் 8, ஷட்டர் பத்திலிருந்து இருபது வினாடி. திறந்து மூடி, திறந்து மூடி, அது வரும்போது வரட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, எனக்கு வானத்தை விட நிழல் பிடிக்கும். நிழலில் அதிசயமாய் ஏதும் இருக்கோ?

இருக்கிறதே! உங்களுக்கு ஏப்ரல் 15, ஆகஸ்ட் 28 ஒட்டி நடுப்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி. அந்தச் சில நிமிடங்களுக்கு நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. கம்பத்தைவிட, ஒரே அளவுத் தம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து மேலேயிருந்து எடுத்தால் படம் நன்றாக இருக்கும். ஏதோ தரையில் ஒட்டாமல் மிதப்பது மாதிரி தெரியும்.

மதுரையிலிருந்து: தெருவில் வேடிக்கையான காட்சி கண்ணில் படும், போனைத் திறப்பதற்குள் போய்விடுகிறது.

பல போன்களில் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் நேராக கேமரா திறக்கும், பழகிக்கொள்ளுங்கள். லென்ஸைத் துடைத்து வைத்திருங்கள். தெருவிளக்கெல்லாம் வால் முளைத்துத் தெரிவதற்குப் பாதி காரணம் விரல் எண்ணெய்தான். ஓடாத காட்சிகளையும் தேடலாம். மழை விட்டதும் கோபுரத்துக்கு எதிரே தேங்கிய தண்ணீரைப் பாருங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே இருக்கும்படி வைத்தால், ஒரு முழம் அகலக் குட்டை குளமாகிவிடும். மனிதர்கள் படத்தில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள், அதில் பேச்சே இல்லை.

சென்னையிலிருந்து இரண்டு கேள்விகள்: ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் மாடியிலிருந்து கிடைக்குமா? இன்னொன்று, ஒரு நாள் மழைக்குப் பின் தெருவே மஞ்சளாகிவிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் பில்டர் போட்டாய் என்கிறார்கள்.

ராக்கெட் கிடைக்கும். வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்தான். ராத்திரி ஏவுதல் என்றால் கேமராவை முக்காலியில் வைத்து ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள், நெருப்பு வில்லாக விழும். விடியலிலோ அந்தியிலோ ஏவினால் புகை மேலே வெயில் பட்டு மின்னும், அதுதான் எனக்குப் பிடித்தது.

மஞ்சள் தெரு நிஜம்தான். தாழ்ந்த சூரியனின் வெளிச்சம் மழைமேகத்தின் அடிவயிற்றில் பட்டுச் சிதறி ஊர்மேல் விழுகிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதையும் "சரிசெய்து"விடும், மேலே சொன்னபடி வெயில் அளவில் பூட்டிவிட்டு எடுங்கள். நம்பாதவர்களுக்காகப் படத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வெள்ளைப் பொருள் இருக்கட்டும். வெள்ளைச் சுவர், காயும் வேட்டி, ஏதாவது. நேரத்தையும் திசையையும் கூடவே எழுதுங்கள். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்து, செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை நிறமாலைமானியால் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஆராய்ந்து எழுதிவைத்தார். வண்ணப் படம் எடுப்பது சாதாரணமாகாத காலம் அது.

கோவையிலிருந்து: 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தின்போது மரத்தடியெல்லாம் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்தது. அதை மறுபடி எடுக்க முடியுமா?

2027 ஆகஸ்ட் 2 மாலையில் நமக்குப் பகுதி கிரகணம், 2031 மே 21-ல் தென் தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் வளைய கிரகணம். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கேமரா. சாதாரண நாளில் புங்கமரத்தடியில் விழும் வட்ட வட்ட வெளிச்சமும் சூரியனின் பிம்பம்தான். இன்றைக்கே போய்ப் பழகலாம். சமதளமான வெளிர்த் தரை, அல்லது விரித்த வேட்டி, நேர் மேலேயிருந்து படம்.

சூரியனையே எடுப்பதாக இருந்தால் சூரிய பில்டர் லென்ஸின் முன்பக்கம் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகவோ கேமராவின் கண்துளை வழியாகவோ பார்ப்பது ஆபத்து. லென்ஸ் குவிக்கும் சூடு கண்ணாடியைப் பொசுக்கிவிட்டுக் கண்ணுக்குப் போகும்.