வனவியல் சீட்டை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சயன்ஸா?

ஐயா, வணக்கம். மகளுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அவளுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும்தான் பிடிக்கும், பேசாமல் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். கணக்கும் கம்ப்யூட்டரும் பிடித்தவளுக்கு வனவியலுக்குள்ளேயே ஒரு வேலை இருக்கிறது: மரத் தோட்டங்களை எப்போது வெட்டுவது, எப்போது நடுவது என்று கணினியில் திட்டமிடுவது.

காகித ஆலைக்கு வருடம் முழுக்க மரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். எந்தத் தோட்டத்தை எப்போது வெட்டுவது, தைலமரத்தை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கவிட்டு மறுதாம்பு விடுவதா, புதுக் கன்று நடுவதா, லாரி வாடகை போக என்ன மிஞ்சும்? நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்கு இதைக் கையால் கணக்குப் போட முடியாது. கனடாவின் வுட்ஸ்டாக், ஸ்வீடனின் ஹியூரெகா போன்ற மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. உள்ளே ஓடும் அடிப்படைக் கணக்கு பழையதுதான். மரம் வளரும் நிலத்தின் மதிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை ஜெர்மனியில் ஃபவுஸ்ட்மன் என்ற வனவியலாளர் 1849-லேயே எழுதிவிட்டார்.

இதில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது வட்டி. 25 வருடம் கழித்துத் தேக்கில் வரும் 1 லட்சம் ரூபாய்க்கு, 8 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு சுமார் 14,600 ரூபாய்; அதாவது இன்று அவ்வளவை அந்த வட்டிக்குப் போட்டாலே அப்போது 1 லட்சம் ஆகிவிடும். 12 சதவீதம் என்றால் 6,000 கூடத் தேறாது. தொண்ணூறுகளில் தேக்குத் திட்டங்களில் பணம் போட்டவர்களுக்கு யாராவது இதைப் போட்டுக் காட்டியிருக்கலாம்!

சரி, இதற்கு கம்ப்யூட்டர் படித்தவர் போதாதா? மென்பொருளை இயக்க யாரும் கற்றுக்கொள்ளலாம். ஏக்கருக்கு இத்தனை டன் என்று அதற்குள் போடும் எண் சரியா என்று சந்தேகப்பட, மரத்தின் சுற்றளவை டேப் பிடித்து அளந்த ஆள் வேண்டும். நீங்கள் கடலூர்க்காரர். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு புயலைக் கணக்கில் சேர்க்காத திட்டம் திரையில் அழகாகத்தான் இருக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை: இந்த வேலைக்கென்று தனியாக விளம்பரம் வருவது அபூர்வம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகளின் தோட்டப் பிரிவு, திருச்சியில் இருக்கும் வனத்தோட்டக் கழகம், மரப்பயிருக்குக் கடன் தரும் வங்கிகள் என்று வேறு பெயரில்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். பட்டத்துக்குப் பிறகு போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனத்தில் எம்பிஏ படித்தால் வழி இன்னும் அகலமாகும். அதற்கு கேட் (CAT) போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணக்கு பிடித்த பெண்ணுக்கு அது பெரிய பயமாக இருக்காது.

கல்லூரியில் புள்ளியியலை ஒப்புக்குப் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடவே புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழி, கட்டுப்பாடுகளுக்குள் அதிக லாபம் தரும் வழியைக் கண்டுபிடிக்கும் லீனியர் புரோகிராமிங் என்ற கணக்கு முறை இரண்டையும் தொடட்டும். ஹியூரெகா இலவசம்தான், ஸ்வீடன் நாட்டு மரங்களுக்கானது என்பதால் அதன் எண்கள் நமக்கு உதவாது, யோசிக்கும் முறை உதவும். அதற்கு முன், வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்கும் நாட்களில், உங்கள் ஊரில் சவுக்கு போட்டவர் ஒருவரிடம் அனுப்புங்கள். கன்று விலை, உழவு, வெட்டுக்கூலி, டன்னுக்குக் கிடைத்த விலை எல்லாவற்றையும் கேட்டு எக்செல்லில் ஏற்றி, மூன்றாம் வருடம் வெட்டினால் லாபமா, ஐந்தாம் வருடமா என்று அவளே போட்டுப் பார்க்கட்டும்.