மூன்றாம் வரிசையில் யார் உட்காரப் போகிறார்?

கேள்வி: கோவை துடியலூரில் வசிக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 5 வயது மகள், அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா, எங்களோடு இருக்கும் அத்தை என வீட்டில் ஏழு பேர். பள்ளி, அலுவலகம் என்று தினமும் 20 கி.மீ. ஓடும். மாதம் ஒருமுறை சாத்தூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு எல்லோரும் போவோம். ஒரு வழிக்கே சுமார் 280 கி.மீ. எப்போதாவது மலைப் பயணமும் உண்டு. எல்லாச் செலவும் சேர்த்து 16 லட்சம் ரூபாய்க்குள் ஏழு இருக்கை வண்டி வாங்க வேண்டும். நண்பர்கள் இயற்கை எரிவாயுவில் ஓடும் எர்டிகா சிஎன்ஜி என்கிறார்கள். அப்பா பழைய இன்னோவா கிரிஸ்டா போதும் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: எந்த வண்டி என்ற கேள்விக்கு முன்னால், யார் எங்கே உட்காருவார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏழு இருக்கை வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு வரிசைகளைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டிவிட்டு, மூன்றாம் வரிசையின் குறைகளை முதல் நீண்ட பயணத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். உறவினர் திருமணத்துக்காக அப்படியொரு மூன்றாம் வரிசையில் நான்கு மணி நேரம் பயணம் செய்திருக்கிறேன். தரைக்கும் இருக்கைக்கும் இடையே உயரமே இல்லாததால் முழங்கால் நெஞ்சுக்கு நேராக நின்றது, இறங்கியபின் சிறிது தூரம் கூனிக்கொண்டுதான் நடந்தேன்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். நீங்கள் ஓட்டுகிறீர்கள். அம்மாவுக்கு உரிய இடம் இரண்டாம் வரிசை அல்ல, உங்களுக்குப் பக்கத்து முன் இருக்கை. இதற்குக் காரணம் மரியாதை மட்டுமன்று. மூன்றாம் வரிசைக்கான வழி, இரண்டாம் வரிசையின் இடப்பக்க இருக்கையை மடக்கித் தள்ளினால்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த இருக்கையில் அம்மாவை உட்கார வைத்தால், திண்டுக்கல்லில் தேநீருக்கு நிறுத்தும்போது பின்னால் இருக்கும் பையன் இறங்குவதற்காக முழங்கால் வலியோடு அவர் முதலில் இறங்கி நிற்க வேண்டும். திரும்ப ஏறும்போது கடைசியாக ஏற வேண்டும். ஆகவே அந்த இடம் அப்பாவுக்கு. மகளை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட்டை வலப்பக்கம், உங்கள் இருக்கைக்குப் பின்னால் வைக்க வேண்டும். இடப்பக்கம் பொருத்தினால் அந்த இருக்கையை மடக்க முடியாமல் மூன்றாம் வரிசைக்கு வழியே அடைபட்டுவிடும். நடுவில் உங்கள் மனைவி. மூன்றாம் வரிசையில் அத்தையும் மகனும்.

இப்போது தேர்வு எளிதாகிறது. அத்தை ஆறு மணி நேரம் உட்காரக்கூடிய மூன்றாம் வரிசை வேண்டும். அப்பா ஒவ்வொரு முறையும் சிரமமின்றி இறங்கி ஏறக்கூடிய உயரம் வேண்டும். நடு இருக்கையில் இடுப்பை மட்டும் கட்டும் பட்டை அல்லாமல் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட் வேண்டும். இரண்டாம் வரிசையில் நடைவழி விட்டுத் தனித்தனி இருக்கைகள் வைத்த ஆறு பேர் வண்டி ஷோரூமில் கண்ணைப் பறிக்கும், மூன்றாம் வரிசைக்குப் போவதும் அதில் எளிது. ஆனால் நீங்கள் ஏழு பேர். அதை மறந்துவிடுங்கள்.

உங்கள் தொகைக்குள் வரும் புதிய வண்டிகள் ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, அதே வண்டி டொயோட்டா பெயரில் வரும் ரூமியன், கியா கேரன்ஸின் சில வகைகள். நீளத்தில் ட்ரைபர் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எர்டிகா சுமார் 4.4 மீட்டர், கேரன்ஸ் சுமார் 4.5 மீட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்குவதாலும் அதன் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குக் கீழ் இருப்பதாலும் ட்ரைபருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்றவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். தமிழ்நாட்டின் வாழ்நாள் வாகன வரியிலும் ஒரு படி இருக்கிறது: 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபின், 5 முதல் 10 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரையுள்ளதற்கு 18 சதவீதம். 9.90 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.29 லட்சம் என்றால், 10.50 லட்சம் ரூபாய் வண்டிக்கு 1.89 லட்சம். சன்ரூஃபுக்காக அடுத்த வகைக்குத் தாவுவதற்கு முன் இந்தப் படியைத் தாண்டுகிறீர்களா என்று விலைப்பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையில் இவ்வளவு சாதகம் இருந்தும் ட்ரைபரை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உருவாகும் அந்த வண்டி, மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஐந்து பேர் வண்டியாக ஓட்டுகிறவர்களுக்கு மிக நல்ல தேர்வு. அப்போது டிக்கி 625 லிட்டர். ஏழு பேரும் உட்கார்ந்தால் மிஞ்சுவது 84 லிட்டர், பள்ளிப் பைகள் இரண்டு மூன்று வைக்கலாம். அதன் 1 லிட்டர் இன்ஜின் தரும் டார்க், அதாவது சுழற்றும் விசை, 96 நியூட்டன் மீட்டர். ஏழு பேரோடு மலை ஏறும்போது ஏசியை அணைக்கலாமா என்று யோசிக்க வைக்கும்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். குலதெய்வக் கோயிலுக்குக் கையை வீசிக்கொண்டா போகிறீர்கள்? பொங்கல் பானை, கரண்டி, ஒரு சிப்பம் அரிசி இல்லாவிட்டாலும் பாதியாவது, தேங்காய்ப் பை, மாலை, ஏழு பேருக்கு மாற்றுத் துணி. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், கேரன்ஸ் 216 லிட்டர். எண்ணாகப் பார்த்தால் இது பிடிபடாது. வீட்டிலிருந்து அந்தப் பானையையும் இரண்டு பயணப் பைகளையும் ஷோரூமுக்கே எடுத்துச் செல்லுங்கள். மூன்றாம் வரிசையை நிமிர்த்தி, அத்தைக்கு வசதியான அளவு சாய்த்து, அதற்குப் பிறகு பானையை வைத்துக் கதவை மூடச் சொல்லுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை, பணம் உங்களுடையது. கூரையில் கேரியர் போட்டுக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்வார்கள். வண்டியின் மேல் பாரம் ஏறினால் வளைவுகளில் சாய்வு கூடும், மைலேஜும் குறையும் என்பதால் மாதாமாதம் செய்யும் வேலையாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எர்டிகா சிஎன்ஜியை நான் தடுப்பதும் இதே காரணத்தால்தான். கணக்கில் அது நன்றாகவே நிற்கிறது. ஆண்டுக்கு 12,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சராசரி மைலேஜ் 15 என்று வைத்தால் செலவு 80,000 ரூபாய். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 22 கி.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 49,000. ஆண்டுக்கு 31,000 மிச்சமென்றால், சிஎன்ஜி வகைக்குக் கூடுதலாகக் கொடுத்த சுமார் ஒரு லட்சம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் திரும்பி வந்துவிடும். ஆனால் சிலிண்டர் உட்காரும் இடம் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் உள்ள அதே டிக்கி. ஏழு பேர் ஏறினால் பானைக்கு இடமில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதையும், விடுமுறை நாளில் நெடுஞ்சாலை நிலையத்தில் வரிசையில் நிற்க நேரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கொண்ட வீடாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

டீசலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஷோரூமில் அந்தப் பேச்சு வரும். எர்டிகாவில் டீசல் 2020இலேயே நின்றுவிட்டது. கேரன்ஸில் உண்டு, இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே 250 நியூட்டன் மீட்டர் டார்க் கிடைப்பதால் முழுப் பாரத்தோடு ஏறுவது அதற்குச் சிரமமே இல்லை. ஆனால் பிஎஸ்-6 எனும் புகை மாசு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, சீரான வேகத்தில் சிறிது நேரம் சூடாக ஓட வேண்டும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நின்று நின்று ஓடும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். மாதம் ஒருமுறை சாத்தூர் போவதால் உங்களுக்கு இது பெரிய தொல்லையாக இருக்காதுதான். ஆனால் மேலே சொன்ன அளவில் ஓடும் வண்டிக்கு, பெட்ரோலைவிட ஆண்டுக்கு மிஞ்சுவது 15,000 ரூபாய் அளவில்தான் இருக்கும். டீசலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலை அந்த வேகத்தில் திரும்பி வர நெடுநாள் ஆகும்.

ஆக, பெட்ரோல். எர்டிகாவின் 1.5 லிட்டர் இன்ஜினில் அதிகபட்ச டார்க் சுமார் 137 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,400 சுற்றை ஒட்டித்தான் கிடைக்கிறது. அதாவது முழுப் பாரத்தோடு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து இன்ஜினைச் சற்று உறுமவிட்டு ஏற வேண்டும். ஏறாது என்பதில்லை, பழக வேண்டும். கேரன்ஸின் டர்போ பெட்ரோல் இன்ஜின் தொகைக்குள் கிடைத்தால் மலையில் அது தெளிவாக மேல்; கிடைக்காமல் சாதாரணப் பெட்ரோல் வகைதான் வரும் என்றால், இன்ஜினுக்காக எர்டிகாவை விட்டு அதற்குப் போக வேண்டியதில்லை, இருக்கைக்காக மட்டும் போகலாம். கேரன்ஸில் மூன்றாம் வரிசைக்கான வழியும் இடமும் சற்றுத் தாராளம் என்பது என் அனுபவம். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அத்தை. அவரை ஷோரூம் விளக்கொளியில் இரண்டு நிமிடம் அல்ல, நண்பகலில் வெயிலில் நின்ற வண்டியில் ஏசியைப் போட்டுக் கால்மணி நேரம் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கேளுங்கள். காற்று வருவது வேறு, குளிர்ச்சி வருவது வேறு.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோதல் சோதனை விதிகள் காலத்துக்கேற்ப கடுமையாகியிருக்கின்றன. வண்டிகளை மோதவிட்டு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2022 ஜூலையில் விதிகளை மாற்றியது, நம் நாட்டின் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் 2021இல் ஒரு வண்டி வாங்கிய நான்கு நட்சத்திரத்தையும் இப்போது இன்னொன்று வாங்கும் மூன்றையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதைவிட முக்கியமாக, அந்த முன்மோதல் சோதனைகளில் பெரியவர் பொம்மைகள் முன்வரிசையிலும் குழந்தைப் பொம்மைகள் இரண்டாம் வரிசையிலும் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசையில் யாரும் இல்லை. உங்கள் மகனின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே எத்தனை சாண் இருக்கிறது, தலைத்தாங்கி அவன் தலை உயரத்துக்கு வருகிறதா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அப்பாவின் கிரிஸ்டாவை நான் தள்ளிவிடவில்லை. இந்தப் பட்டியலில் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரக்கூடிய மூன்றாம் வரிசை அதில்தான் இருக்கிறது. கைக்கியர் டீசலின் 343 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு எந்த மலையும் பொருட்டல்ல. ஆனால் 4,735 மி.மீ. நீளம், உங்கள் போர்ட்டிகோவை அளந்து, பின்கதவு மேலே தூக்கித் திறக்க இன்னும் முக்கால் மீட்டராவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து உயரம் அதிகம் என்பதால் அம்மா ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். டி-போர்டாக, அதாவது வாடகை வண்டியாக ஓடி, ஓன்-போர்டு எனும் சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா என்பதைப் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் பழைய விவரங்களிலிருந்து சரிபாருங்கள். மீட்டரில் 80,000 காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகவும், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க விளிம்பு அமுங்கியும் இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். சர்வீஸ் ஏடு முழுமையாக இருக்கும், ஒரே உரிமையாளர் வைத்திருந்த வண்டி கிடைத்தால் மட்டும் அப்பாவின் பேச்சைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பெட்ரோல் எர்டிகாவும் கேரன்ஸும்தான் களத்தில்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் வாசலிலிருந்து ஒரு சுற்று போதாது. ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு தடாகம் வழியாக ஆனைகட்டி ஏற்றம் வரை ஓட்ட அனுமதி கேளுங்கள். புறப்படும்முன் ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டையைப் பார்த்து, முழுப் பாரத்துக்கு என்று தனியாக எண் போட்டிருந்தால் டயர்களில் அந்த அளவு காற்றை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கான காற்றோடு ஏழு பேரை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி வளைவில் அலைகிறது என்று நல்ல வண்டியை ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.