பழைய எஞ்சினைச் சுத்தியலால் எழுப்பாதீர்கள்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவின் மாட்டுப்பட்டியை இடித்தபோது சாக்குக் குவியலுக்குக் கீழே ஓர் எஞ்சின் கிடைத்தது. தகட்டில் ‘லிஸ்டர், டர்ஸ்லி’ என்று இருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றும் திறந்த பெட்டி, பக்கத்தில் கனமான ப்ளைவீல். சக்கரம் அசையவே இல்லை. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அவர் இன்னொரு முறை வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு அது லிஸ்டர் ‘டி’ மாடலாக இருக்கலாம். 1926இல் சந்தைக்கு வந்த ஒற்றைச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். தொடக்கத்தில் அதற்கு ஒன்றரைக் குதிரைவலு, நிமிடத்துக்கு 700 சுற்று. அதைச் செய்த கம்பனி இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற ஊரில் 1867இல் தொடங்கியது. எஞ்சின் செய்ய இறங்கும் முன்பே பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் மெஷின் விற்றவர்கள். அதனால் அது மாட்டுப்பட்டியில் கிடந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு பெல்ட்டை மாட்டினால் கிரீம் பிரிக்கும், தண்ணீர் இறைக்கும், புல் நறுக்கும். கரன்ட் கம்பி வந்ததும் மோட்டர் பூட்டிவிட்டு இதை மூலையில் தள்ளியிருப்பார்கள்.

சரி, இறுகிய எஞ்சினுக்கு வருவோம். தேயிலை ஸ்டோர் எஞ்சின் ரூமில் எனக்கு வேலை பழக்கிய பெரியவர், ப்ளைவீலைச் சுத்தியலால் தட்டியவனோடு அன்று முழுக்கப் பேசமாட்டார். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்த ப்ளைவீலுக்கு நம் ஊரில் மாற்று கிடைக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். நடுவில் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பல நேரம் பிஸ்டன் நன்றாகவே இருக்கும், வால்வு ஒன்றுதான் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்து அதையும் பாருங்கள்.

அசைந்த உடனே பெற்றோல் ஊற்ற ஓடாதீர்கள். அடியில் உள்ள பழைய ஒயிலை வடியுங்கள். நம் மலைக் குளிருக்கும் மழைக்கும் உள்ளே நீர் கோத்திருக்கும். ஒயிலைவிடக் கனம் என்பதால் தண்ணீர்தான் முதலில் வரும். டாங்கியைக் கழுவுங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் மெக்னெட்டோவின் பொயின்ட்ஸைத் துடைத்துவிட்டு, பிளக்கை எஞ்சின் உடம்பில் படவைத்துச் சுற்றினால் நீலப் பொறி தெரிய வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றிக் கொடுக்காதீர்கள், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். ஓடத் தொடங்கியபின் பெட்டித் தண்ணீர் கொதித்து ஆவி வருவது கோளாறு அல்ல, அதன் குளிரூட்டலே அதுதான். தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு விரிசல் விட்டுவிடும்.

பெயின்ட்? வேண்டாம். பழைய பச்சை எங்காவது மிஞ்சியிருந்தால் எண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே வையுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பண்ணை எஞ்சின் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். ஒரு வெடி, பிறகு நீண்ட மௌனம், மறுபடி ஒரு வெடி. பழுதா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: பழுதில்லை மகள், சிக்கனம். வேகம் கூடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். அப்போது பிஸ்டன் இறங்கினாலும் சிலிண்டரில் உறிஞ்சல் இருக்காது. உறிஞ்சினால் மட்டுமே திறக்கும் மற்ற வால்வு மூடியே கிடக்கும். பெற்றோல் உள்ளே போகாது. சக்கரம் தன் கனத்திலேயே சுற்றும். வேகம் தணிந்ததும் கவர்னர் விட்டுவிடும், ஒரு வெடி. பாரம் கொடுத்துப் பாருங்கள், வெடி அடுத்தடுத்து வரும். 1923 முதல் 1946 வரை வந்த ஜோன் டீர் ‘இ’ மாடல் இந்த வகை. தலவாக்கலைத் தம்பியின் லிஸ்டர் ‘டி’யில் கவர்னர் பெற்றோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும், அதனால் சத்தம் ஒரே சீராக வரும்.

கேள்வி: பெற்றோல் விலைக்கு, இந்த எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட்ட முடியாதா?
– வாசகர், ஹட்டன்

பதில்: அதற்கென்று செய்த மாடலாக இருந்தால் முடியும். பெற்றோலில் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்கு வர வேண்டும். சும்மா பெற்றோல் எஞ்சினில் ஊற்றினால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும்.

கேள்வி: என்னிடம் மூன்று மாடுகள். பழைய எஞ்சினோடு பால் கறக்கும் மெஷின் பூட்டலாமா?
– வாசகி, நானுஓயா

பதில்: வேண்டாம் அக்கா. கறக்கும் மெஷினுக்கு ஏறக்குறைய 15 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் காம்பு புண்ணாகும், மடிநோய் வரும். பட்டிக்குள் எஞ்சின் புகையும் ஆகாது, உங்களுக்கும் மாட்டுக்கும். அதைவிட, குழாய், கப் எல்லாவற்றையும் இரண்டு வேளையும் சுடுநீரில் கழுவும் நேரத்துக்குள் நீங்கள் மூன்று மாட்டையும் கையால் கறந்து, பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கே அனுப்பிவிடுவீர்கள். எஞ்சின் கையில் இருந்தால் புல் நறுக்கப் பூட்டுங்கள், அந்த வேலைக்கு அது நல்ல ஆள்.