கணிதத்தில் ஏ எடுத்தால் எஞ்சினியரிங் சரிவருமா?

ஓ.எல் முடிந்துவிட்டது, கணிதத்தில் ஏ, வீட்டில் எஞ்சினியரிங் படி என்கிறார்கள், அது எனக்குப் பொருந்துமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஏற்கனவே ரியூசனில் பேர் கொடுத்தாயிற்று, அப்பாவிடம் வாய் திறக்கப் பயம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் குறை நினைக்காதீர்கள்.

நான் சிவில் எஞ்சினியர், பெண். அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணிதப் பிரிவு எடுத்தபோது "பொம்பிளைப் பிள்ளைக்கு வெயிலுக்குள்ள என்ன வேலை" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

கணிதப் புள்ளியை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஏ.எல் இணைந்த கணித வினாத்தாளில் பகுதி பி-யில் 7 வினாக்களில் 5 செய்தால் போதும், பிடிக்காத இரண்டை விட்டுவிடலாம். வேலைக்கு வந்த பிறகு அப்படி விட முடியாது. என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் கணிதத்தில் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர். அதில் ஒருத்திக்கு பட்டறை வகுப்பும் வரைதல் வகுப்பும் தண்டனை மாதிரி இருந்தது, பட்டம் முடிந்த கையோடு கணக்கியல் பக்கம் போனாள், இப்போது சந்தோசமாக இருக்கிறாள். அவள் தோற்றுப்போனாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு இதுதான் என் வேலை என்று தெரிந்தது பயிற்சிக் காலத்தில், வன்னியில் ஒரு மதகு கட்டும் இடத்தில். சரியான வெயில். கொன்றீற் இறுகிக்கொண்டு வருகிறது, பெடியள் களைத்துவிட்டார்கள். மூத்த மேசன் என்னிடம் வந்து, "பிள்ளை, இன்னும் ரெண்டு வாளி தண்ணி விட்டால்தான் இழுக்க ஏலும்" என்றார். நான் பதில் சொல்ல முதல் மிக்ஸருக்குள் தண்ணீர் போய்விட்டது. சீமெந்துக்கு அளவு கடந்து தண்ணீர் விட்டால் கொன்றீற்றின் பலம் குறையும், இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் அப்பா வயதுள்ள மனிதரிடம், அவருடைய ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "அண்ணை, இதைப் போட விடமாட்டன்" என்று சொல்ல வேண்டி வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் கூம்பை எடுத்து, மூன்று படையாக நிரப்பி, ஒவ்வொரு படைக்கும் 25 தரம் கம்பியால் குத்தி, கூம்பைத் தூக்கினேன். 300 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்க வைத்த கலவை அப்படியே தட்டையாகப் பரவியது. சைட் எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு என்னிடமே "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார். தளத்துக்கு வேண்டாம் என்றேன். அந்தக் கலவையை ஒதுக்கினார்கள். மேசன் அண்ணை பின்னேரம் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. பிறகு போட்ட கலவையில் 150 மில்லிமீற்றர் கட்டிகள் வார்த்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்த பெறுபேறு வந்தபோது எனக்கு வந்த சந்தோசம் ஏ.எல் பெறுபேற்றுக்குக் கூட வரவில்லை.

இதை வாசித்துவிட்டு, எல்லா எஞ்சினியரும் கொன்றீற் கிண்டுவதில்லையே, கணினி, மின் துறைகள் வேறு மாதிரி என்று சிலர் சொல்வார்கள். தெரியும். ஆனால் எந்தத் துறையிலும் கடைசியில் ஒரு பொருள் வேலை செய்ய வேண்டும், அதற்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமாகட்டும், பேராதனையாகட்டும், தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள்தான். துறை பிரிப்பது பிறகு, அதுவும் புள்ளியைப் பார்த்துத்தான், விரும்பியது கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஊரில் வெள்ள வாய்க்காலை மூடி மதில் கட்டுகிறார்கள், குளத்தை நிரப்பிக் கடை போடுகிறார்கள், மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் "எஞ்சினியர்மார் என்ன செய்தவை" என்கிறார்கள். தட்டையான நிலம் இது, தண்ணீர் ஓடுவதற்குச் சரிவே குறைவு. குளத்தில் நிற்கும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன. குளமும் போனால் உவர் ஏறும். இதைக் கூட்டத்தில் சொன்னால் காது கொடுக்க ஆள் இல்லை, ஆனால் அதே ஆட்கள் மகளுக்கு எஞ்சினியர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடுகிறார்கள்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். ஏ.எல் வகுப்பு தொடங்க முதல் கிடைக்கும் விடுமுறையில், கட்டடம் கட்டும் இடமோ, மோட்டார் வைண்டிங் கடையோ, கராஜோ, தெரிந்தவரைப் பிடித்து ஒரு கிழமை போய் நில்லுங்கள். ஏன் உடைந்தது, ஏன் சூடாகிறது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் மண்டைக்குள் ஓடினால் துணிந்து எடுங்கள். எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்தால், கணிதப் பிரிவு எடுத்தாலும் எஞ்சினியரிங்தான் ஒரே வழி என்றில்லை என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். மொரட்டுவையில் கணிய அளவையியலும் (கட்டட வேலையின் பொருள் அளவையும் செலவையும் கணக்கிடும் படிப்பு) கட்டடக்கலையும் இருக்கின்றன, கட்டடக்கலைக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை வைப்பார்கள். சப்ரகமுவவில் நில அளவை இருக்கிறது, பௌதிக விஞ்ஞானம் யாழ்ப்பாணத்திலேயே படிக்கலாம். அப்பாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமலும் இருக்கலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து காட்டுங்கள்.