ஹாலோ நைட் விளையாட்டின் இசை எங்கே? ஒட்டுசுட்டான் தம்பிக்குப் பதில்

வணக்கம் தம்பி. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஹாலோ நைட் வாங்கியும் அதன் இசைத் தொகுப்பைக் காணவில்லை என்றும், ஒட்டுசுட்டானில் இணைப்பு அடிக்கடி அறுவதால் அதைக் கைத்தொலைபேசியில் வைத்துக் கேட்க வழியுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

விளையாட்டோடு இசைத் தொகுப்பு சேர்ந்து வராது. அது தனியாக விற்கப்படுகிறது. ஸ்டீமிலேயே வாங்கினால், கணினியில் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் மியூசிக் என்ற உட்கோப்புறையில் எம்பி3 கோப்புகள் இறங்கும். அவற்றை அப்படியே கைத்தொலைபேசிக்குப் பிரதி செய்யலாம்.

ஆயினும் கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பாண்ட்காம்ப் தளத்தையே நான் பரிந்துரைப்பேன். இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் லார்க்கினின் பக்கத்திலேயே அத்தொகுப்பு கிடைக்கிறது. விற்பனைப் பணத்தில் ஸ்டீம் வழக்கமாக 30 வீதத்தை எடுத்துக்கொள்ள, பாண்ட்காம்ப் பொதுவாக 15 வீதமே எடுக்கிறது. தனித்து உழைக்கும் கலைஞருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒருமுறை பணம் செலுத்தினால் விரும்பிய வடிவத்தில் மீண்டும் தரவிறக்கலாம். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவம் இப்போது வேண்டாம். ஒரு மணி நேர இசை, 320 கேபிபிஎஸ் எம்பி3 வடிவில் ஏறத்தாழ 145 எம்பி. ஃபிளாக்கில் அதன் இரு மடங்குக்கும் மேல் போகும், டேட்டா பொதியை நம்பியிருக்கும் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

அட்டை மறுக்கப்பட்டால், வெளிநாட்டு இணையவழிக் கொடுப்பனவு அதில் திறக்கப்பட்டுள்ளதா என்று முதலில் வங்கியிடம் கேளுங்கள்.

அடுத்த விளையாட்டை ஜிஓஜி என்ற இன்னொரு இணைய விளையாட்டுக் கடையில் தேடிப் பாருங்கள். அங்கு வாங்கியதன் நிறுவற்கோப்பைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நல்ல இணைப்புள்ள இடத்தில் தரவிறக்கி, பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, இணையமே இல்லாமல் நிறுவலாம்.