வில்வேட்டைக் காலத்தில் குறுக்குவில்லை அனுமதிப்பது நியாயமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று குறிப்பிடவில்லை. முதன்முறையாக வேட்டை உரிமம் எடுக்க எண்ணி, கடையில் குறுக்குவில்லை (துப்பாக்கி போன்ற கட்டையில் வில்லைப் படுக்கையாகப் பொருத்தி, விசையை அழுத்தி எய்யும் crossbow) பார்த்து ஆசைப்பட்டு, "வில்லாளர்களுக்கென ஒதுக்கிய பருவத்தில் இதைத் தூக்கிக்கொண்டு போவது ஏமாற்று வேலை" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தயங்குகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில் இதுதான்: அனுமதிக்க வேண்டும். பருவம் முழுவதற்கும், வயதையோ உடல்நிலையையோ நிபந்தனையாக்காமல் அனுமதிக்க வேண்டும். நான் விஸ்கான்சினில் வசிக்கிறேன். ஆறு பருவங்கள் கையால் இழுக்கும், கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடும் ஐந்து பருவங்கள் குறுக்குவில்லோடும் மரப்பரணில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டையும் கையாண்டவன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தை அமெரிக்காவில் முதலில் திறந்த மாநிலம் விஸ்கான்சின். 1934இல் சாக், கொலம்பியா ஆகிய இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) அது தொடங்கியது. அன்றைய வேட்டைக்காரர்கள் கொண்டுபோனவை மரத்தில் செதுக்கிய வில்கள். வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டு தம் வில்லைத் தாமே செய்துகொண்ட காலம் அது. மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில் அதற்குப் பின் வந்தது. நுனிகளில் கப்பி வைத்த அந்த வில்லையும் இயந்திரம் என்று சொல்லி ஒதுக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இன்றைய காம்பவுண்ட் வில்லில் 60 பவுண்டு இழுவிசையை முழுதாக இழுத்து நிறுத்தியபின் 80 சதவீதப் பளு குறைந்துவிடுவதால், வில்லாளர் தாங்கி நிற்பது 12 பவுண்டுதான். அதையும் அவர் விரலால் பிடிப்பதில்லை. மணிக்கட்டில் கட்டிய விசைக்கருவியால் பிடிக்கிறார். அந்த வில்லை வைத்திருக்கும் ஒருவர் குறுக்குவில்லைப் பார்த்து "அது இயந்திரம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

விஸ்கான்சினில் 2014க்கு முன் குறுக்குவில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் அதற்குத் தனி உரிமம் ஏற்படுத்தி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். செப்டம்பர் நடுப்பகுதியில் தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை போகும் பருவம் இரண்டு வில்லுக்கும் பொது.

என் தோள் கெட்டது ஒரு பிப்ரவரி மாதத்தில். வீட்டு வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன்; தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை, ஆறு மாதம் உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாம் முடிந்து வில்லை எடுத்தபோது, 60 பவுண்டு இழுத்த கை 40 பவுண்டில் நடுங்கியது. வற்புறுத்தி இழுத்துப் பார்த்தேன். பத்து அம்பில் மூன்று குறியை விட்டு ஒரு சாண் தள்ளிப் போயின. சாண் அளவு தவறினால் மான் குடலில் அடிபட்டு, இரவெல்லாம் கிடந்து சாகும். அப்படி ஓர் அம்பை எய்ய எனக்கு மனம் வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் குறுக்குவில் வாங்கினேன். விற்றவர் அம்பு நொடிக்கு 400 அடி பாயும் என்பதை மூன்று முறை சொன்னார். சொல்ல வேண்டிய இரண்டைச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத குறை. இடது கைக் கட்டைவிரல் அம்பு கிடக்கும் தடத்திற்கு மேலே ஒரு நூல் எழும்பினாலும் நாண் அதை வெட்டிவிடும் என்பது முதலாவது. கயிற்றால் நாணேற்றிய குறுக்குவில்லைக் கையால் இறக்க முடியாது, எய்துதான் இறக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பக்கத்துப் பண்ணையில் இருக்கும் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். வாயால் சொல்லவில்லை, தம் இடது கட்டைவிரலை என் முன் நீட்டினார். நகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. பிறகு ஒரு கயிற்றின் இரு கொக்கிகளையும் நாணில் மாட்டி, முன்முனையில் இருக்கும் இரும்பு வளையத்தில் காலை ஊன்றி, இரு கையாலும் சமமாக இழுக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு பக்கம் அரை அங்குலம் கூடினாலும் அம்பு கோணலாகப் போகும்.

முதல் பருவத்தில், நவம்பர் முதல் வாரத்தில், கொம்புள்ள ஆண் மான் ஒன்று 22 கஜத்தில் வந்து நின்றது. ஸ்கோப்பில் அதன் விலா தெளிவாகத் தெரிந்தது. விசையை அழுத்தினேன். குறுக்குவில் படுக்கை வாட்டில் விரியும் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். வில்லின் வலது நுனி பரணின் கைப்பிடிக் கம்பியில் மோதியது. அம்பு மானுக்கு இரண்டு கஜம் முன்னால் மண்ணில் குத்தியது. மான் துள்ளி ஓடிய திசையில் ஒரு மணி நேரம் இலை இலையாகப் புரட்டித் தேடினேன். ஒரு சொட்டு இரத்தமும் இல்லை, ஒரு மயிரும் இல்லை என்று உறுதியானபின்தான் மூச்சு வந்தது. குறுக்குவில்லை வாங்கினால் மான் தானாக விழும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

"ஸ்கோப் இருக்கிறது, விசை இருக்கிறது, அப்படியானால் அது துப்பாக்கிதானே" என்று எனக்குப் பதில் எழுத வருபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 கஜம் என்பது 180 அடி. வேகமான குறுக்குவில்லின் அம்பு அதைக் கடக்க ஏறத்தாழ அரை நொடி ஆகும். நாண் அறையும் ஓசை நொடிக்கு 1,100 அடிக்கு மேல் செல்வதால் மானின் காதை அதற்கு முன்பே எட்டிவிடும். மிரண்ட மான் தாவுவதற்கு முன் உடலைத் தாழ்த்தும். ஓசைக்கும் அம்புக்கும் இடையில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு நொடி அதற்குப் போதும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகுத்தசையில் பட்டு மானைக் காயத்தோடு ஓடவிடும். ஆகவே குறுக்குவில்லோடு இருப்பவரும் 30, 35 கஜத்துக்குள் மான் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். காற்றின் திசை பார்த்துப் பரண் கட்டுவதும், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறி அசையாமல் உட்காருவதும் இருவருக்கும் ஒன்றுதான். வில்வேட்டையின் கடினமான பகுதி அதுவே.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. கைவில்லை மான் பார்க்காத கணத்தில் இழுக்க வேண்டும். அது ஒரு மரத்தின் பின்னால் தலையை மறைக்கும்வரை பொறுத்து, மெல்ல இழுத்து, பிடித்து நிற்க வேண்டும். நான் தவறவிட்ட மான்களில் பெரும்பாலானவை அந்த அசைவைக் கண்டு ஓடியவை. குறுக்குவில்லில் அந்தச் சோதனை கிடையாது. கைவில் எனக்கு வசப்பட இரண்டு கோடைகள் ஆயின. குறுக்குவில் இரண்டு சனிக்கிழமைகளில் குறிக்கு வந்தது. வில்வேட்டைச் சாதனைகளைப் பதிந்துவைக்க 1961இல் தொடங்கிய போப் அண்டு யங் கழகம் குறுக்குவில்லில் விழுந்த கொம்புகளைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. பதிவேடு வேறு, காட்டுக்குள் போகும் உரிமை வேறு.

"எளிதானால் மான்கள் அழிந்துவிடும்" என்ற வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன். எத்தனை மான் விழலாம் என்பதைத் தீர்மானிப்பது வில் அல்ல, அனுமதிச் சீட்டு. விஸ்கான்சினில் இரண்டு உரிமங்களையும் ஒருவர் வாங்கினாலும் ஆண் மானுக்கான சீட்டு இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். உரிமம் தனித்தனியாக இருப்பதால் எதில் எத்தனை மான் விழுந்தன என்ற கணக்கும் தனியாகக் கிடைக்கிறது. கூடிவிட்டது என்று கணக்கு சொன்னால் சீட்டைக் குறைக்கலாம். ஆளைத் தடுக்க வேண்டியதில்லை.

இங்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் 72 கவுண்டிகளிலும் பொதுமக்கள் கூடி வேட்டை விதிகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். அப்படி ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பழையபடி மருத்துவச் சான்று கொண்டுவருபவர்களுக்கு மட்டும் குறுக்குவில்லைக் கொடுக்க வேண்டும், வில்லை இழுக்க முடியாதவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கைவில்லோடு காட்டுக்குப் போனவர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து என் தோளைப் பற்றிப் பேசினேன். ஆங்கிலம் தடுமாறியது, ஆனாலும் பேசி முடித்தேன். எவ்வளவு வலித்தால் சான்று கொடுப்பார்கள், அதை யார் அளப்பார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

மானைக் கொல்வதே பாவம் என்று எழுத வரும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில், இந்தியாவில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அது அங்கே சரி. இங்கே வெள்ளைவால் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன. நான் கொன்ற மானின் இறைச்சியில் ஒரு துண்டையும் வீணாக்கியதில்லை.

உங்கள் மாநிலத்தின் விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள். ஓரிகன் நெடுங்காலம் குறுக்குவில்லை வேட்டைக்கே கூடாது என்று வைத்திருந்தது, பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் 2009 முதல் வில்பருவத்தில் அனுமதி உண்டு. வாங்கினால், மழுங்கிய முனையுள்ள பழைய அம்பு ஒன்றை அம்பறாத்தூணியில் தனியாக வையுங்கள். பொழுது சாய்ந்ததும் வில்லைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவதற்கு முன், கூரிய முனையுள்ள அம்பை எடுத்துவிட்டு, அந்தப் பழைய அம்பைப் பூட்டி, பரணுக்குச் சற்றுத் தள்ளிக் கல்லில்லாத மண்ணில் எய்து நாணை இறக்கிவிடுங்கள். இறங்கும்போது அம்பைப் பிடுங்கித் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.