வயதான பெற்றோரை அலாஸ்கா கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகலாமா?

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அடுத்த கோடையில் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஒரு வாரக் கப்பலில் அழைத்துப் போக நினைக்கிறேன், இருவரும் சைவம், அம்மாவுக்கு முட்டி வலி, சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். 2023 ஜூனில் நானும் கணவரும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் பெற்றோரை இதே பயணத்துக்கு அழைத்துப் போனோம். அப்பாவுக்கு அப்போது 71, அம்மாவுக்கு 66. அதற்கு முந்தைய வருகையில் காரில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். தினம் ஒரு ஓட்டல், தினம் பெட்டி கட்டுவது, நாள் முழுக்க காரில் உட்கார்ந்தே இருப்பது என்று அம்மா மிகவும் களைத்துப் போனார். கப்பலில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெட்டியை ஒருமுறை பிரித்து அலமாரியில் அடுக்கினால் ஏழு நாளும் அதே அறை, அதே கட்டில். ஊர்கள்தான் நம்மைத் தேடி வருகின்றன. முட்டி வலி உள்ளவர்களுக்கு இதைவிடச் சுலபமான பயணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யவேண்டிய சில விஷயங்கள் உண்டு. அவற்றில் தவறினால் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

முதலில் விசா. அலாஸ்கா அமெரிக்காதானே, அமெரிக்காவுக்குச் சுற்றிப்பார்க்க வரும் பி1/பி2 விசா போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சியாட்டிலில் கிளம்பிச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தில் நிற்கும். இதற்குக் காரணம் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வெளிநாட்டில் பதிவான கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது அது. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற இடங்களில் பதிவானவை. அதனால் கனடா தவிர்க்க முடியாதது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டும். நாங்கள் கப்பலைவிட்டு இறங்கவே மாட்டோம் என்று சொன்னாலும் ஏறும் இடத்தில் விட மாட்டார்கள். நாங்கள் ஏறிய அன்று எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு குடும்பம் இதனாலேயே பெட்டிகளோடு திரும்பிப் போனது. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பெற்றோர் ஊரில் இருக்கும்போதே கனடா விசாவையும் வாங்கச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்பதையும் பாருங்கள். கனடாவைத் தொட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வரவேண்டுமே.

அடுத்தது, கப்பல் எங்கே போகிறது என்பது. அலாஸ்கா என்று விளம்பரம் செய்யும் எல்லாக் கப்பலும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் போகாது. நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்களைத்தான் பூங்கா நிர்வாகம் அனுமதிக்கிறது, அதுவும் சில நிறுவனங்களுக்கு மட்டும். மற்றவை வேறு பனியாறுகளுக்குப் போகும், அவையும் அழகுதான். ஆனால் விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் கிளேசியர் பே என்று பயணத் திட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கும் கப்பலையே எடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, அறை எங்கே இருக்கிறது என்பது. பெற்றோருக்குக் கப்பலின் நடுவில், கீழ்த் தளங்களில் ஒன்றில், பால்கனி உள்ள அறை எடுத்தோம். எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது என்று முன்பக்கம், மேல்தளத்தில் எடுத்தோம். சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடல் வழியாகப் போகும். இரண்டாம் நாள் அந்தப் பகுதியில் நல்ல ஆட்டம். நானும் கணவரும் காலையில் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை. அப்பா அம்மா இருவரும் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, இட்லிக்குப் பதிலாக டோஸ்ட் சாப்பிட்டுவிட்டு எங்களைத் தேடி வந்தார்கள். ஊஞ்சலின் நுனியில் உட்காருவதற்கும் நடுவில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆட்டமே வேண்டாம் என்றால் கனடாவின் வான்கூவர் நகரில் கிளம்பும் கப்பலைப் பாருங்கள். அவை தீவுகளுக்கு இடையே உள்வழியாகப் போவதால் கடல் பெரும்பாலும் குளம்போல் இருக்கும்.

குமட்டல் மாத்திரை பற்றி ஒன்று. இங்கே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலேயே மெக்லிசின் கிடைக்கும். எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் பெரியவர்களுக்குக் கொடுக்கும் முன் அவர்களுடைய மருத்துவரைக் கேளுங்கள். அப்பாவுக்குப் புரோஸ்டேட் தொல்லை உண்டு என்பதால் ஊரில் பார்க்கும் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இஞ்சி மிட்டாயும் உப்பு பிஸ்கட்டும் மட்டும் கையில் வைத்திருந்தோம்.

மருந்து என்றதும் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. மதியம் ஒரு மணிக்கு ஏறினோம், பெட்டி வந்தது இரவு எட்டரைக்கு. அந்த ஏழரை மணி நேரம் நான் பட்ட கவலை கொஞ்சநஞ்சமல்ல. மாத்திரைகள், பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர், மாற்றுத்துணி எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். பெற்றோருக்கு எடுத்திருக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா, ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோகும் செலவைத் தருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு. என் அம்மாவுக்கு இருந்த ஒரே பயம் இதுதான். முதல் நாள் இரவே உணவுக்கூடத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் போய், இருவர் சைவம், முட்டையும் கிடையாது, இந்தியச் சமையல் கிடைக்குமா என்று கேட்டேன். மறுநாள் இரவிலிருந்து தினமும் பருப்பு, ஒரு காய், சோறு, ரொட்டி என்று தனியாகச் செய்து கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, நாளைக்கு வேண்டியதை இன்று இரவே சொல்லிவிட வேண்டும். வடஇந்தியச் சுவைதான், சாம்பார் ரசம் எதிர்பார்க்க வேண்டாம். காலை பஃபேயில் புளிக்காத கட்டித்தயிர் இருக்கும். அதை வாங்கிச் சோற்றில் பிசைந்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டதில் அம்மா பாதி சமாதானம் ஆனார். ஊறுகாய்ப் பொட்டலம், பருப்புப்பொடி, முறுக்கு மாதிரி கடையில் வாங்கிச் சீல் பிரிக்காத பொருள்களைக் கொண்டுபோகலாம். வீட்டில் சமைத்ததை அனுமதிப்பதில்லை. கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி இவற்றையெல்லாம் எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், எனவே சுமக்கவே வேண்டாம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி எலும்புச் சாறு சேர்த்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஜெல்லி போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும்.

நான்காம் நாள் இரவு, சமையலறையிலிருந்து ஒருவர் வெள்ளைக் கோட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர். "தமிழ்க் குடும்பம்னு சொன்னாங்க, அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் ஐயா" என்று அப்பாவிடம் கைகூப்பினார். எட்டு மாத ஒப்பந்தமாம், ஆறாவது மாதம் ஓடுகிறதாம். சின்னப் பெண் பேச ஆரம்பித்ததை போனில்தான் கேட்டாராம். அம்மா எதுவும் பேசாமல் கைப்பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். மறுநாள் அம்மாவின் தட்டில் கடுகு தாளித்த தயிர்சாதம் வந்தது. இந்த மனிதர்களுக்காகத்தான் சொல்கிறேன், டிப்ஸ் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் தானாகவே சேரும். டிக்கெட் விலை பார்க்கும்போதே அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

துறைமுகங்களில் நாம் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது. நாங்கள் ஒரு ஊருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். ஜூனோவில் மென்டன்ஹால் பனியாறு மட்டும். ஊரிலிருந்து 12 மைல், பேருந்திலேயே போகலாம், பார்வையாளர் மையத்திலிருந்தே நன்றாகத் தெரியும். ஸ்கேக்வேயில் வைட் பாஸ் ரயில். 1896-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்ததும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போன மலைவழி அது, ரயில்பாதை 1900-இல் முடிந்தது. இருபது மைலுக்குள் ஏறக்குறைய 3,000 அடி ஏறுகிறது. ரயில்வேயில் 34 வருடம் வேலை பார்த்த அப்பா, அந்தக் குறுகிய பாதையின் மரப்பாலங்களைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள், காட்சி அந்தப் பக்கம்தான். திரும்பும்போது பக்கம் மாறி உட்காரச் சொல்வார்கள். கெச்சிக்கனில் மழை. அங்கே ஆண்டுக்கு 140 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது, சென்னையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். குடையைவிட தலைமூடி வைத்த மழைக்கோட்டு நல்லது.

தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்குப் போனால், கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது திரும்பிவிடுங்கள். கப்பல் வழியாகப் பதிவுசெய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், மற்றவர்களுக்குக் காத்திருக்காது. அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால் இருப்பதால், கைபேசி ஒரு நேரமும் கப்பல் கடிகாரம் இன்னொரு நேரமும் காட்டலாம். கப்பல் நேரம்தான் கணக்கு. அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தினமும் காலையில் சரிபார்த்தேன். கடலில் இருக்கும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், கப்பலின் ரோமிங் கட்டணம் மிக அதிகம்.

இப்போது கிளேசியர் பே. அன்று காலை ஆறரைக்குப் பூங்காவின் ரேஞ்சர்கள் ஒரு சிறு படகில் வந்து கப்பலில் ஏறினார்கள். 1794-இல் ஆங்கிலேயக் கடற்படைக் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று சொல்ல இங்கே பெரிதாக எதுவும் இல்லை, பனிச்சுவர்தான் நின்றதாம். அதன் பிறகு பனி 65 மைல் பின்வாங்கியிருக்கிறது. அந்த 65 மைல் தூரத்தைத்தான் நம் கப்பல் காலை முழுதும் உள்ளே போகிறது. பனி வருவதற்கு முன் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர்கள் இங்கே இருந்தன, முன்னேறிய பனியாறு அவர்களைத் துரத்தியது என்று ரேஞ்சர் ஒலிபெருக்கியில் சொன்னதை அப்பாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மார்ஜெரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. அகலம் ஒரு மைல், தண்ணீருக்கு மேல் 250 அடி உயரம், நீலமும் வெள்ளையும் கலந்த சுவர். ஆயிரக்கணக்கான பேர் டெக்கில் நின்றும் சத்தமே இல்லை. பெற்றோர் இருவரும் பால்கனியில் நாற்காலி போட்டுப் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று இடி இடித்தது மாதிரி ஒரு சத்தம். சத்தம் வந்த பக்கம் பார்ப்பதற்குள் ஒரு துண்டு சரிந்து தண்ணீரில் விழுந்து அலை எழும்பியது. டிலிங்கிட் மக்கள் இந்தச் சத்தத்தை வெள்ளை இடி என்பார்களாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கப்பல் அங்கே மெதுவாகச் சுற்றித் திரும்பும், அதனால் எந்தப் பக்கத்து அறை என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் பால்கனி வேண்டும். மேல் டெக்கில் குளிர்காற்றில் மூன்று மணி நேரம் பெரியவர்களால் நிற்க முடியாது. மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

துணி விஷயத்தில், ஜூனிலும் பகல் 10 முதல் 15 டிகிரிதான். ஒரு கனத்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. அம்மா புடவைக்கு உள்ளே உல்லன் லெக்கிங்ஸும் காலில் ஷூவும் போட்டுக்கொண்டார். உணவுக்கூடத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். கப்பல்களில் பரவும், வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் மட்டும் போதாது.

கடைசி நாள் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முந்தைய இரவே பெட்டிகளைப் பூட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். காலைக்கான உடை, செருப்பு, பல்துலக்கி, மாத்திரை இவற்றை எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். எங்கள் பக்கத்து அறைக்காரர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, வெளியே 11 டிகிரி குளிரில் இரவு உடையோடு இறங்கினார். அப்பா தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.